ஒடூ பில்லிங்குக்குக் கிளஸ்டர்: 2 சர்வர் போதுமா, 3 வேண்டுமா?

கோவை_அட்மின்

வணக்கம் நண்பர்களே. கோவையில் பம்ப் உதிரிபாகம் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். பில், ஸ்டாக், கொள்முதல், கணக்கு எல்லாமே ஒடூ என்ற வணிக மென்பொருளில் ஓடுகிறது, கீழே அதன் டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ். இரண்டும் ஒரே டவர் சர்வரில். தலைமை அலுவலகம், 2 குடோன் எல்லாம் சேர்த்து 80 பேர் வரை ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள்.

போன மாதம் அந்த சர்வரின் ரெய்டு கார்டு (டிஸ்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டு) போய்விட்டது. மாற்றுக் கார்டு வந்து சேரும்வரை கைப்பில் எழுதி லாரியை அனுப்பினோம். அதையெல்லாம் பிறகு சிஸ்டத்தில் ஏற்றி, ஸ்டாக்கை நேர் செய்து முடிப்பதற்குள் கணக்குப் பிரிவு நொந்து போனது. இனிமேல் பில்லிங் நிற்கவே கூடாது என்று சொல்லி முதலாளி 2 புது ரேக் சர்வருக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

என் திட்டம் இதுதான்: இரண்டிலும் ஒடூவும் போஸ்ட்கிரெஸும். ஒன்று பிரைமரி (எழுதும் டேட்டாபேஸ்), மற்றது ரெப்ளிகா (அதன் நகல்). கீப்அலைவ்டு மென்பொருளை வைத்து, உயிரோடு இருக்கும் சர்வருக்கு மாறும் ஒரு மிதக்கும் ஐபி. பிரைமரி விழுந்தால் ரெப்ளிகாவை பிரைமரி ஆக்க ஒரு ஸ்கிரிப்ட். இது போதுமா? எங்கே அடி விழும்?

டிபிஏ_தென்றல்

சகோ, அந்த ஸ்கிரிப்டை முதலில் ஓரமாக வையுங்கள். இரண்டு சர்வரும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் இருக்கும் நெட்வொர்க் மட்டும் அறுந்தால் என்ன ஆகும்? ரெப்ளிகாவுக்கு பிரைமரி செத்துவிட்டது போலத் தெரியும். ஆனால் அது உயிரோடு இருந்து ஒரு குடோனுக்குப் பில் போட்டுக்கொண்டிருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் ரெப்ளிகாவை எழுப்பிவிடும், அடுத்த குடோன் அதில் பில் போட ஆரம்பிக்கும். ஒரே பில் நம்பர் இரண்டு பார்ட்டிக்குப் போகும். கேபிளைச் சரி செய்த பிறகு இந்த இரண்டு டேட்டாபேஸையும் ஒன்றாக்க போஸ்ட்கிரெஸில் வழி கிடையாது, ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு அதிலிருந்த பில்களைக் கையால் ஏற்ற வேண்டியதுதான். கைப்பில்லையே ஏற்றி நொந்தவர்களுக்கு இது அதைவிட மோசம், ஏனென்றால் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

எதிர்ப் பக்கம் செத்ததா, வழி அறுந்ததா என்பதை இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கிரிப்டை எவ்வளவு திறமையாக எழுதினாலும் இது மாறாது. யார் பிரைமரி என்று முடிவு செய்ய மூன்றாவது பெட்டியின் ஓட்டு வேண்டும். 3 ஓட்டில் 2 பெரும்பான்மை, அதனால் ஒன்று விழலாம். 5 இருந்தால் இரண்டு விழலாம். 4 வாங்கினாலும் ஒன்றுதான் விழலாம், காசுதான் தண்டம். 2 இருந்தால் ஒன்றுகூட விழக்கூடாது.

நல்ல செய்தி, மூன்றாவது பெட்டிக்கு டேட்டாபேஸ் தேவையில்லை. இந்த ஓட்டெடுப்பை நடத்தும் எட்சிடி என்ற மென்பொருள் மட்டும் ஓடினால் போதும், சின்ன மெஷின் தாங்கும். எட்சிடிக்குள் இருப்பது ராஃப்ட், ஸ்டான்ஃபோர்டில் டியாகோ ஓங்காரோவும் ஜான் ஓஸ்டர்ஹவுட்டும் உருவாக்கி 2014-இல் கட்டுரையாக வெளியிட்ட, பெரும்பான்மை ஓட்டில் முடிவு செய்யும் முறை. அதன் மேலே, போஸ்ட்கிரெஸில் யார் பிரைமரி என்பதைப் பார்த்துக்கொள்ளும் பேட்ரோனி போடுங்கள். ஜெர்மனியின் சலாண்டோ நிறுவனம் வளர்த்த ஓப்பன் சோர்ஸ். யார் பிரைமரியோ அவர் கையில் எட்சிடியில் ஒரு சாவி இருக்கும். டீஃபால்ட்டாக அதன் ஆயுள் 30 வினாடி, 10 வினாடிக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பிக்க முடியாத பிரைமரி தானாகவே கீழே இறங்கிவிடும், எழுதுவதை நிறுத்திவிடும். உங்கள் திட்டத்தில் எழுப்பத்தான் ஆள் இருக்கிறது, இறக்க ஆள் இல்லை. கிளஸ்டரில் பாதி வேலை அந்த இறக்குவதுதான்.

பழையகேபிள்

தென்றல் சொன்ன கணக்கு சரி. ஆனால் நான் வேறு இடத்திலிருந்து கேட்கிறேன். இது தானாக மாற வேண்டுமா?

80 பேர் உபயோகிக்கும் ஒரு அப்ளிகேஷன். ஒரு நல்ல பிரைமரி, பக்கத்தில் ஒரு ரெப்ளிகா, மாற்றுவதற்கு ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிய செய்முறை. பிரைமரி போனால் போன் வரும், நீங்கள் பார்த்து, உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதி செய்து, பழையதன் பவரைப் பிடுங்கிவிட்டு, ரெப்ளிகாவை உயர்த்துவீர்கள். கால் மணி நேரம். இதற்கு எட்சிடி வேண்டாம், பேட்ரோனி வேண்டாம், அவை கெட்டுப்போனால் சரி செய்யத் தெரிந்த ஆளும் வேண்டாம்.

2018 அக்டோபர் 21-ஆம் தேதி, மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். கெட்டுப்போன ஒரு ஆப்டிகல் கருவியை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு 43 வினாடி அறுந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரையில் இருந்த டேட்டாபேஸை பிரைமரி ஆக்கிவிட்டது. கிழக்கில் எழுதிய சில வினாடிகளின் தகவல் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை, மேற்கில் புதிதாக எழுத ஆரம்பித்தாயிற்று, இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத எழுத்து. மீண்டு வர 24 மணி நேரம் 11 நிமிடம். அங்கே பிரைமரியை மாற்றியது ராஃப்ட் அடிப்படையில் ஓடும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள்தான், ஓட்டுக் கணக்கெல்லாம் சரியாகவே நடந்தது. 43 வினாடி சும்மா காத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

கோவை_அட்மின்

அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது, நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். சிக்கல் என்னவென்றால் குடோனில் விடியற்காலையிலேயே லோடு ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள், பில்லும் இ-வே பில்லும் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. அந்த நேரத்தில் சர்வர் ரூமில் யாரும் இல்லை. நான் ஒரே ஆள். நான் ஊரில் இல்லாத நாளில் செய்முறைத் தாளைப் பார்த்து யார் செய்வது? அதனால்தான் தானியங்கி வேண்டும் என்கிறேன்.

பழையகேபிள்

அப்படியானால் சரி, அது நியாயமான காரணம். ஒரே ஆள் இருக்கும் இடத்தில் தானியங்கி தேவைப்படும், அதே ஒரே ஆள்தான் அதைப் பராமரிக்கவும் வேண்டும், இரண்டையும் முதலாளியிடம் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு சர்வரும் மூன்றாவது ஓட்டும் ஒரே கட்டடத்தில் இருக்கட்டும். கட்டடம் தாண்டி தானாக மாற்றும் வேலையே வேண்டாம், கிட்ஹப்பில் அடி விழுந்தது அங்கேதான். வெளியே ஒரு பிரதி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் கையால் மாற்றுங்கள்.

கணக்குப்பிள்ளை

நான் சர்வர் ஆள் கிடையாது, ஒடூ மாதிரி ஈஆர்பி மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் வேலையில் கணக்குப் பக்கம் பார்ப்பவன். ஒரு கேள்வி. பிரைமரி விழுந்து ரெப்ளிகா எழும்போது கடைசி சில வினாடியின் பில் காணாமல் போக வாய்ப்பு இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் பில்) கட்டாயம். உங்கள் நிறுவனம் நிச்சயம் அதில் வரும் என்று நினைக்கிறேன். பில் போட்டதும் அரசு போர்ட்டலில் பதிவாகி 64 எழுத்தில் ஐஆர்என் என்ற பதிவு எண் வரும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் நம்பர் இந்த நான்கையும் வைத்துத்தான் அந்த எண் உருவாகிறது. இப்போது பில்லை போர்ட்டல் பதிவு செய்துவிட்டது, அடுத்த நொடி உங்கள் பிரைமரி போய்விட்டது, எழுந்த ரெப்ளிகாவில் அந்தப் பில்லே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒடூ கடைசியாக இருக்கும் பில்லைப் பார்த்து அடுத்த நம்பரைப் போடும், அதாவது தொலைந்த பில்லின் அதே நம்பர் வேறொரு பார்ட்டிக்குப் போகும். போர்ட்டல் அதை ஏற்காது, ஏற்கனவே இருக்கிறது என்று தள்ளிவிடும். பழையதை ரத்து செய்யலாம் என்றால் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், ரத்து செய்த நம்பரை மறுபடி உபயோகிக்கவும் முடியாது. முதலில் போட்ட சரக்கு லாரியில் போய்க்கொண்டிருக்கும், நம்மிடம் அதற்கு ஆவணமே இருக்காது.

பில்லிங் அரை மணி நேரம் நின்றால் திட்டு வாங்கிக்கொள்ளலாம். போட்ட பில் ஒன்று மறைந்தால் அது வேறு மாதிரி வலி.

டிபிஏ_தென்றல்

கணக்குப்பிள்ளை ஐயா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. இதை முடிவு செய்யாமல் சர்வர் வாங்கவே கூடாது.

ஆம், சாதாரண ரெப்ளிகேஷனில் தொலைய வாய்ப்பு இருக்கிறது. பிரைமரி தன் டிஸ்கில் எழுதியதும் ஒடூவுக்கு "ஆயிற்று" என்று சொல்லிவிடும், ரெப்ளிகாவுக்கு அதன் பிறகு போகும். பேட்ரோனியின் டீஃபால்ட் அமைப்பில் 1 எம்பி வரை பின்தங்கிய ரெப்ளிகாவைக்கூட உயர்த்த அனுமதி உண்டு. 1 எம்பிக்குள் எத்தனை பில் அடங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன். ரெப்ளிகாவும் தன் டிஸ்கில் எழுதி முடித்த பிறகுதான் ஒடூவுக்கு "ஆயிற்று" போகும். ஒரே அறையில் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதால் பில் போடுபவருக்கு வித்தியாசமே தெரியாது. இதை நேராக போஸ்ட்கிரெஸில் ஆன் செய்தால், ரெப்ளிகா விழும்போது பிரைமரியும் எழுத முடியாமல் தொங்கி நிற்கும். கிளஸ்டர் போட்டதால் இரண்டில் எது விழுந்தாலும் பில்லிங் நிற்கும் நிலை. அதனால் பேட்ரோனியின் சிங்க்ரனஸ் மோடைப் பயன்படுத்துங்கள். ரெப்ளிகா போனால் அது பிரைமரியைத் தனியாக ஓட விடும், அப்போது எட்சிடியில் அந்த ரெப்ளிகாவின் பெயரை எடுத்துவிடும். பெயர் இல்லாத ரெப்ளிகாவைத் தானாக உயர்த்தவும் மாட்டாது. அதாவது பின்தங்கிய பிரதி எழுந்து பில்லை விழுங்கும் வழி அடைபடுகிறது. ஸ்ட்ரிக்ட் என்று இன்னொரு நிலை உண்டு, அது ரெப்ளிகா இல்லாமல் எழுதவே விடாது. இரண்டு டேட்டா சர்வர் மட்டும் உள்ள உங்களுக்கு அது வேண்டாம்.

ரெப்ளிகா போனது யாருக்கும் தெரியாமல் ஒரு வாரம் தனியாக ஓடினால் இத்தனையும் வீண். அலாரம் கட்டாயம்.

சிங்கை_ஓப்ஸ்

சிங்கப்பூரில் இதே போஸ்ட்கிரெஸ், பேட்ரோனி, எட்சிடி கூட்டணியைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிஸ்க் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன்.

எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தையும் டிஸ்கில் உறுதியாக எழுதிய பிறகுதான் அடுத்த வேலைக்குப் போகும். அந்த எழுத்து 99 சதவீத நேரம் 10 மில்லி வினாடிக்குள் முடிய வேண்டும் என்பது அவர்களே சொல்லும் அளவு. அதன் ஹார்ட்பீட் (தலைவர் "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லும் இடைவெளி) 100 மில்லி வினாடி, தேர்தல் காலக்கெடு (அது கேட்காவிட்டால் புதுத் தலைவரைத் தேடும் வரை) 1 வினாடி. எட்சிடியையும் போஸ்ட்கிரெஸையும் ஒரே டிஸ்கில் வைத்துவிட்டு மாதக் கடைசியில் ஸ்டாக் மதிப்பீடு ரிப்போர்ட்டை யாராவது ஓட்டினால், டிஸ்க் திணறும், எட்சிடி எழுத முடியாமல் தாமதிக்கும், பேட்ரோனியால் சாவியைப் புதுப்பிக்க முடியாது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிரைமரி இறங்கிவிடும். எந்த வன்பொருளும் கெடவில்லை, ஆனால் பில்லிங் நின்றுவிட்டது. லாக்கைப் பார்த்தால் நெட்வொர்க் பிரச்சினை போலவே தெரியும், ஆட்கள் ஸ்விட்ச்சை மாற்றிக்கொண்டிருப்பார்கள். எட்சிடிக்குத் தனி எஸ்எஸ்டி, சின்னதாக இருந்தாலும் போதும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் உள்ள என்டர்பிரைஸ் வகை வாங்குங்கள். பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், வேகமே மாறிவிடும். கெப்பாசிட்டர் இருப்பதால் அது தன் கேஷில் வந்ததுமே "எழுதியாயிற்று" என்று தைரியமாகச் சொல்லும். வீட்டு உபயோக எஸ்எஸ்டி பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எண் போட்டிருந்தாலும், ஒவ்வொரு எழுத்தையும் உறுதி செய்யச் சொன்னால் திணறும். டேட்டாபேஸ் செய்வது முழுக்க அந்த வேலைதான். அதே காரணத்தால் மூன்றாவது ஓட்டுக்கு மெமரி கார்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை வைக்காதீர்கள், எஸ்எஸ்டி உள்ள மினி பிசி வையுங்கள். அதற்குத் தனி யூபிஎஸ், முடிந்தால் பக்கத்து அறை.

இன்னொன்று, மூன்று விர்ச்சுவல் மெஷினை ஒரே சர்வருக்குள் போட்டுவிட்டு மூன்று ஓட்டு என்று கணக்குக் காட்டாதீர்கள். இதை நிறையப் பார்க்கிறேன்.

நெட்வொர்க்குக்கு ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு போர்ட்டை ஆக்டிவ்-பேக்கப் முறையில் (ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும்) சேர்த்து, இரண்டு தனித்தனி ஸ்விட்ச்சுக்குக் கொண்டுபோங்கள். அதற்கு விலை உயர்ந்த ஸ்விட்ச் தேவையில்லை. கீப்அலைவ்டு சாதாரணமாக மல்டிகாஸ்டில் (பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) பேசும், சில ஸ்விட்ச்சில் அது போய்ச் சேராமல் இரண்டு சர்வரும் ஒரே ஐபியைப் பிடித்துக்கொள்ளும். நேராக ஒருவருக்கு மட்டும் அனுப்பும் யூனிகாஸ்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கோவை_அட்மின்

எட்சிடி டிஸ்க் விஷயம் எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது, மிக்க நன்றி. மினி பிசிக்கு முதலாளியிடம் பேசிவிட்டேன். இப்போது ஒடூ பக்கம் உதவி வேண்டும். பில் பிடிஎஃப், லாரி ரசீது ஸ்கேன் எல்லாம் டேட்டாபேஸில் இல்லை, ஃபைல்ஸ்டோர் ஃபோல்டரில் இருக்கின்றன. அதை இரண்டு சர்வருக்கும் பொதுவாக எப்படி வைப்பது? என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபோல்டர்) போட்டால் அந்த என்எஃப்எஸ் சர்வர் விழுந்தால் எல்லாமே விழுமே. பல சர்வர்களில் பரப்பிச் சேமிக்கும் செஃப் போடச் சொல்கிறார்கள், பார்த்தாலே பயமாக இருக்கிறது.

ஒடூ_வழி

செஃப் வேண்டாம், இந்த அளவுக்கு அது பெரிய சுமை. ஃபைல்ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு எழுத்துப் பெயரில் ஃபோல்டர்கள், உள்ளே நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த பெயர்கள். அந்தப் பெயர் ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட ஷா-1 கைரேகை எண். உள்ளடக்கம் மாறினால் பெயரே மாறும், அதனால் இருக்கும் ஃபைலை ஒடூ திருத்தி எழுதுவதே இல்லை, புதிதாகச் சேர்க்க மட்டும் செய்யும். இரண்டு சர்வரில் ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றேதான், மோதலுக்கு வழியில்லை. ஆக இரண்டு பக்கமும் எல்சிங்க்டி என்ற நகல் மென்பொருளைப் போட்டு, புது ஃபைல் வந்த உடனே எதிர்ப் பக்கம் நகல் எடுக்கச் சொல்லுங்கள். அழிப்பதை மட்டும் நகல் எடுக்க விடாதீர்கள், தேவையற்ற ஃபைல் சேர்ந்தால் சேரட்டும், டிஸ்க் மலிவு.

பேக்கப்பிலும் இதே குணம் உதவும். முதலில் டேட்டாபேஸ், அதன் பிறகு ஃபைல்ஸ்டோர் என்ற வரிசையில் எடுங்கள். அப்போது டேட்டாபேஸ் சொல்லும் ஒவ்வொரு ஃபைலும் பேக்கப்பில் இருக்கும். வரிசை மாறினால் நடுவில் ஏற்றிய ரசீதுக்குப் பெயர் இருக்கும், ஃபைல் இருக்காது.

லாகின் செஷனும் ஃபைலாகத்தான் இருக்கிறது, ஆனால் அது மாறிக்கொண்டே இருக்கும், அதை நகல் எடுக்கப் போகாதீர்கள். இணைப்புகளை சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஹெச்ஏபிராக்ஸியில் குக்கி வைத்து ஒருவரை ஒரே ஒடூவுக்கு அனுப்புங்கள். அந்த ஒடூ விழுந்தால் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒடூவின் போர்ட் எண் 8069-ஐ மட்டும் கொடுத்துவிட்டு 8072-ஐ மறந்துவிடாதீர்கள், மறந்தால் உடனடி அறிவிப்புகள் வராது. டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்சாக்ஷன் முறையில் நடுவில் வைத்தாலும் அதே கதிதான், ஏனென்றால் அந்த அறிவிப்புக்கு ஒடூ போஸ்ட்கிரெஸின் லிசன்-நோட்டிஃபை என்ற செய்தி வசதியை நம்பியிருக்கிறது. 80 பேருக்கு பிஜிபவுன்சர் இல்லாமலே ஓட்டலாம்.

பழையகேபிள்

இரண்டு சர்வரிலும் ஓஎஸ் ஒரே பதிப்பாக இருக்கட்டும். புது சர்வரில் புது உபுண்டு, பழையதில் பழைய உபுண்டு என்று கலந்தால் ஓடத்தான் செய்யும், ஓடுவதுதான் ஆபத்து. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஓஎஸ்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிடமிருந்து வாங்குகிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த விதி பெரிதாக மாறியது. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27, 20.04-இல் 2.31. ஒன்றில் கட்டிய இண்டெக்ஸ் அப்படியே மற்றதற்குப் போய்ச் சேரும், அங்கே வரிசை விதி வேறு. பார்ட்டி பெயரைத் தேடினால் இல்லை என்று சொல்லும், பட்டியலை உருட்டிப் பார்த்தால் இருக்கும். ஒரே பார்ட்டியை இரண்டு தடவை உருவாக்கவும் விடும்.

அப்புறம், கிளஸ்டர் இருக்கிறதே என்று பேக்கப்பில் கை வைக்காதீர்கள். யாராவது விலைப்பட்டியலைத் தவறாக மாற்றினால் அந்தத் தவறு ரெப்ளிகாவுக்கும் உடனே போய்ச் சேரும், சிங்க்ரனஸ் என்றால் இன்னும் நிச்சயமாக. கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று ரெப்ளிகேஷனைச் சரி செய்ய முயன்ற பொறியாளர் ரெப்ளிகா என்று நினைத்து பிரைமரியின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தினசரி டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) பதிப்புப் பொருந்தாமல் ஓடவே இல்லை என்று தெரிந்தது. வேறு வேலைக்காக சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அதை அவர்கள் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள், உங்கள் வேலையில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டியது.

பிஜிபேக்ரெஸ்ட் என்ற பேக்கப் மென்பொருளைப் போடுங்கள், WAL-ஐ (போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கும் பதிவு) தொடர்ந்து அனுப்பச் சொல்லுங்கள், எந்த நிமிடத்துக்கும் திரும்பப் போக முடியும். பழைய டவர் சர்வரைத் தூக்கிப் போடாமல் புது ரெய்டு கார்டோடு அதற்கே ஒதுக்குங்கள். வாரம் ஒரு தடவை அதில் பேக்கப்பை முழுசாக மீட்டு, ஒரு ஒடூவை எழுப்பி, நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கோவை_அட்மின்

அமைத்துவிட்டேன், சோதனையும் ஆயிற்று. பின்னால் வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ரீபூட் கட்டளை கொடுத்துச் சோதித்தால் பேட்ரோனி போகும்போதே சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிறது, ரெப்ளிகா சில வினாடியில் எழுந்துவிடுகிறது. அதைப் பார்த்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம். பவர் கேபிளைப் பிடுங்கினால்தான் உண்மை தெரிகிறது: சாவியின் 30 வினாடி தீரும்வரை யாரும் அசைவதில்லை, அதன் பிறகே மாறுகிறது. பில் போடுபவர் பார்வையில் முக்கால் நிமிடம் போல. நெட்வொர்க் கேபிள் இரண்டையும் பிடுங்கியபோது பழைய பிரைமரி தானே இறங்கி எழுதுவதை நிறுத்தியதை கன்சோலில் நேராகப் பார்த்தேன். தென்றல் சொன்ன அந்தப் பாதி வேலை நடக்கிறது. திரும்பச் செருகியதும், பழைய பிரைமரியைப் புதியதோடு ஒத்துப்போகச் செய்யும் பிஜிரிவைண்ட் ஓடி, அது ரெப்ளிகாவாகச் சேர்ந்துகொண்டது. பேட்ரோனியே உறைந்துபோகும் நிலைமைக்காக, சர்வரைத் தானே ரீபூட் செய்யும் வாட்ச்டாக்கும் போட்டிருக்கிறேன்.

ஒரு இடத்தில் சிக்கியது. டேட்டாபேஸ் மாறிய பிறகும் சிலருடைய திரை மட்டும் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹெச்ஏபிராக்ஸி புது இணைப்புகளைச் சரியாக அனுப்புகிறது, பழைய இணைப்புகளோ செத்த சர்வரையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஹெச்ஏபிராக்ஸி அமைப்பின் சர்வர் வரியில் "ஆன்-மார்க்டு-டவுன் ஷட்டவுன்-செஷன்ஸ்" சேர்த்ததும் சரியாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை

நல்ல வேலை தம்பி. அந்த முக்கால் நிமிடத்தில் குடோனில் இருப்பவர் "சேமி" அழுத்திவிட்டுப் பிழைச் செய்தியைப் பார்த்தால் என்ன செய்வார்? மறுபடி பில் போடுவார். முதல் பில் ஏறியிருக்குமா இருக்காதா?

டிபிஏ_தென்றல்

இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. டேட்டாபேஸ் எழுதி முடித்து, "ஆயிற்று" என்ற பதில் திரும்பி வரும் வழியில் சர்வர் விழுந்தால் பில் ஏறியிருக்கும், திரையில் பிழை தெரியும். எந்த கிளஸ்டராலும் இதை வெளியிலிருந்து தீர்க்க முடியாது.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் குடோனில் ஒவ்வொரு பில்லிங் மேசையிலும் இதை ஒட்டிவிடுங்கள்: பிழை வந்தால் 2 நிமிடம் பொறுக்கவும், இன்வாய்ஸ் பட்டியலில் அந்த பார்ட்டியின் பெயரைத் தேடவும், இல்லாவிட்டால் மட்டும் மறுபடி போடவும். பில் இருந்து ஐஆர்என் மட்டும் வரவில்லை என்றால் புதுப் பில் போடாமல் அதே பில்லைத் திறந்து மறுபடி அனுப்பவும். போர்ட்டலில் ஏற்கனவே பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தால் அவர்களே எதுவும் செய்யாமல் கணக்குப் பிரிவுக்கு போன் செய்யட்டும்.

கோவை_அட்மின்

அப்படியே அச்சடித்து இரண்டு குடோனுக்கும் அனுப்புகிறேன் ஐயா. கணக்குப் பிரிவில் காலை ஷிஃப்டுக்கு ஒரு ஆளின் நம்பரையும் கீழே போட்டுவிடுகிறேன்.